செங்கோட்டுவேலின் இடது கால்

வேலாங்காட்டுப்பாளையத்தில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே தறி நின்றால் யாரோ செத்துவிட்டார்கள் என்று அர்த்தம். கரண்ட் போய் நிற்பது வேறு கணக்கு. அப்போது விளக்கும் சேர்ந்து போகும், ஜனங்கள் முந்தானையால் விசிறிக்கொண்டு வாசலுக்கு வந்து கரண்ட்காரனின் பரம்பரையையே இழுப்பார்கள். ஆனால் பாடை ஒரு தெருவுக்குள் நுழைந்தால் அது கடந்து போகும்வரை அந்தத் தெருத் தறியை எல்லாம் நிறுத்திவிடுவார்கள். ராவும் பகலும் தடதடத்துக்கொண்டே இருக்கிற ஊரில் செத்தவர்களுக்குக் கொடுப்பதற்கு அந்த அமைதியை விட்டால் வேறு மரியாதை கிடையாது. அதனால்தான் மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், விளக்கெல்லாம் எரிய, மோட்டார் எல்லாம் உறும, ஊரிலிருந்த அத்தனை தறியும் மாவு மில்லும் கிரைண்டரும் கரும்பு மெஷினும் ஒரே மூச்சில் நின்றபோது, ஜனங்கள் வாசலுக்கு ஓடிவந்து ஒருவரையொருவர் பார்த்து ஒரே வார்த்தையைத்தான் கேட்டார்கள்.

"ஆரு?"

யாரும் சாகவில்லை. இஸ்மாயில் பாய் ஒர்க்‌ஷாப்பில் செங்கோட்டுவேல் தன் காரின் கிளட்சை மிதித்திருந்தான், அவ்வளவுதான்.

செங்கோட்டுவேலிடம் ஒரு பழைய வெள்ளை அம்பாசடர் இருந்தது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் பிழைப்பு. பிழைப்பு எப்படியோ போகட்டும், அவன் மனைவி கோகிலாமணிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று முதலில் சொல்லி, பிறகு இடம் கிடைத்தபடி செவ்வாயும் வெள்ளியும் என்று ஆன நாட்களில், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் டயாலிசிஸ் சென்டரில் அவள் படுத்தாக வேண்டும். உடம்பிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே வரும். மெஷினில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றிச் சுற்றி அதைத் தள்ளும். கழுவிய ரத்தம் இன்னொரு குழாய் வழியாக உள்ளே போகும். முடிந்து எழுந்தால் அவளுக்கு நிற்கவே முடியாது. மொபெட்டில் பின்னால் உட்காரவைத்தால் சரிந்துவிடுவாள். கார் ஓடுகிற வரைக்கும் கோகிலாமணி ஓடுவாள் என்பதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் தினமும் காலையில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

அந்தக் காரின் இன்ஜின் தை மாதத்தில் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. இஸ்மாயில் பாய் சேலத்துக்குப் போய்ப் பழைய இரும்புக் கடையில் இரண்டு நாள் கிடந்து, மோதிச் சிதைந்த ஒரு வேனின் டீசல் இன்ஜினையும், எதனுடையது என்று கடைக்காரனுக்கே தெரியாத ஒரு கியர்பாக்ஸையும் கொண்டுவந்து ஒன்றோடொன்று சேர்த்து மாட்டினார். இன்ஜின் ஒரு சாதி, கியர்பாக்ஸ் ஒரு சாதி, வண்டி ஒரு சாதி. சம்பந்தம் ஒட்டாமல் கியர்பாக்ஸ் தண்டு கொஞ்சம் கட்டையாக நின்றது. தண்டின் மூக்கு இன்ஜினுக்குள் போய் உட்கார ஒரு பித்தளைப் புஷ் வேண்டியிருந்தது. லேத் பட்டறைக்காரர் தேடிப் பார்த்து, கையில் கிடைத்த பழைய தறிப் புஷ் ஒன்றையே கடைந்து கொடுத்தார். அந்த ஊரில் எந்த லேத்துக்காரரிடம் போனாலும் அதைத்தான் கடைந்திருப்பார். அவர்கள் கைக்குத் தறியை விட்டால் வேறு எதுவும் தெரியாது. பிற்பாடு நடந்ததற்கெல்லாம் அந்தப் புஷ்தான் காரணம் என்று சிலர் சொன்னார்கள், இன்ஜினுக்குப் பூசை போடாததுதான் என்று சிலர் சொன்னார்கள். எப்படி என்று கேட்டவர்கள் ஊரில் கொஞ்சம் பேர்தான். எப்போது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கோகிலாமணியை ஒரு ஆட்டோவில் சென்டரில் விட்டுவிட்டு வந்துதான், மாட்டி முடித்த வண்டியின் கிளட்சைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மிதித்தால் கிளட்ச் விடவில்லை. கியரைத் தொட்டால் பல் நறநறவென்று கடித்தது, வண்டி முட்டிக்கொண்டு முன்னால் போகப் பார்த்தது. வெளியே ஊர் நின்றது இன்ஜின் இரைச்சலில் அவர்கள் காதில் விழவில்லை.

"கேபிள் லூசா இருக்கும். இன்ஜின நிறுத்திட்டு மறுக்கா மிதி," என்றார் பாய்.

மிதித்தான். தெருவே நிசப்தமானது. ஆரு என்று அவனும் ஒரு கணம் தெருவை எட்டிப் பார்த்தான். காலை எடுத்தான், தறிகள் ஓடின. பாய் காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இப்ப நல்லா அழுத்திப் புடிச்சுக்க, நாஞ் சொல்றவரைக்கும் விட்றாத," என்றார். அவர் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே எது நகர்கிறது எது நகரவில்லை என்று பார்க்க, செங்கோட்டுவேல் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான், ஊர் முழுக்கக் கூடி நின்று யார் யார் வீட்டில் யார் யார் படுக்கையில் கிடக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தது, தெருமுனையில் நின்ற இரண்டு பேர் அவனைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். படுக்கையில் கிடப்பவர்கள் கணக்கில் கோகிலாமணியும் இருக்கிறாள் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கூட்டிவரப் போனபோது நர்ஸ் ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தது. நாலு மெஷினிலும் சக்கரம் நின்றுவிட்டது, மோட்டார் உறுமுகிறது, சக்கரம் சுற்றவில்லை. குழாயில் ரத்தம் நின்றால் உறைந்துவிடும், அதனால் மூடியைத் திறந்து கைப்பிடியைப் போட்டுக் கையாலேயே சுற்றினேன், இங்கே சுற்றிவிட்டு அங்கே ஓடினேன், அங்கே சுற்றிவிட்டு இங்கே ஓடினேன் என்று மூச்சு வாங்கச் சொன்னாள்.

காரில் வரும்போது கோகிலாமணி கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள். "மூணு தடவ நின்னுதுங்க. கடேசித் தடவ ரொம்ப நேரம். கொழாயில என்ற ரத்தம் அப்படியே நிக்கறத நான் பாத்துட்டே கெடந்தேன்."

முக்கில் ஒரு எருமை குறுக்கே வந்தது. பழக்க தோஷத்தில் இடது கால் கிளட்சை மிதித்தது. பக்கத்து மாவு மில் கம்மென்று ஆனது, அரைக்கக் காத்திருந்த பெண்கள் எல்லாம் அவன் காரைத் திரும்பிப் பார்த்தார்கள். கோகிலாமணியும் கண்ணைத் திறந்து அவன் காலைப் பார்த்தாள்.

இருட்டுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டுச் சாக்கடை தன் வாசலில் திரும்பிவிட்டால் எப்படிச் சண்டைக்கு வருவார்களோ அப்படித்தான் வந்தார்கள். தறி நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழுகிறது, வியாபாரி எடுக்கமாட்டேன் என்கிறான் என்று தறிக்காரர்கள் கத்தினார்கள். அந்தக் கோட்டுக்குச் செங்கோட்டுவேல் கோடு என்று பெயரும் வைத்தார்கள். கத்தியவர்களே இன்னொரு விஷயத்தையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டார்கள். தறி நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் தாங்கள் வாழ்நாள் முழுக்க இரைந்து இரைந்தே பேசிவந்திருக்கிறோம் என்று பல புருஷன் பெண்டாட்டிகளுக்குத் தெரியவந்தது. நூல் முடிச்சுப் போடும்போதெல்லாம் தன் மனைவி ஏதோ பாட்டு முணுமுணுப்பாள் என்பதை ஒருவர் கல்யாணமாகிப் பேரன் எடுத்த பிறகு முதல் தடவையாகக் கேட்டு, என்ன செய்வது என்று தெரியாமல் வெளியே போய் பீடி பற்றவைத்தார்.

இஸ்மாயில் பாய் வைத்தியம் பார்த்துக்கொண்டேயிருந்தார். கேபிளை இறுக்கினார், தளர்த்தினார். பெடலுக்கும் கேபிளுக்கும் நடுவில் இருந்த ஆட்டத்தைக் குறைத்தார். கடைசியில் பொறுமை போய் கேபிளை அடியோடு கழற்றியே விட்டார். அவ்வளவுதான், ஊர் மொத்தமும் நின்றது, திரும்ப மாட்டுகிறவரைக்கும் நின்றது, மாட்டும் அவசரத்தில் பாயின் கையிலிருந்து நட்டு கீழே விழுந்து உருண்டு போய்விட்டது. அவர் அதைத் தேடிப் பிடித்து மாட்டுவதற்குள் சென்டர் பக்கமிருந்து ஸ்டெல்லாவின் குரல் இங்கேவரை கேட்டது.

வேர்வையைத் துடைத்துக்கொண்டு பாய் சொன்னார். "கியர்பாக்ஸ எறக்கி, அந்தப் புஷ்ஷ மாத்தோணும் செங்கோட்டு. எறக்குனா மாட்டறதுக்கு ஒரு பகல் ஆயிரும். அந்தப் பகல் பூரா ஊரு நிக்கும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் கிளட்ச மறந்துட்டு ஓட்டு."

மறந்துவிட்டும் ஓட்டலாம்தான். கியரைப் போட்டுவிட்டு அப்படியே சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்துவிடும். ஓட்டத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் விட்டு, இன்ஜின் மூச்சு விடுகிற நேரம் பார்த்து, கியரை நைசாகத் தள்ளினால் அதுவும் விழுந்துவிடும். கிளட்ச்தான் எப்படியும் விடுவதில்லையே, மிதித்தும் அவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. செங்கோட்டுவேலின் கைக்கும் வலது காலுக்கும் இதெல்லாம் சீக்கிரம் பழகிவிட்டது. இடது காலுக்குத்தான் பழகவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து மிதித்த கால் அது. வேகத்தடையைப் பார்த்தால் எழும்பும், நாய் குறுக்கே வந்தால் எழும்பும், யாராவது கை காட்டினால் எழும்பும். வீட்டில் சாப்பிடும்போதுகூட அந்தக் காலை மடித்து அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வான். கோகிலாமணி, "அது என்னங்க களவாணியா, இப்படிக் காவல் காக்கறீங்க," என்று சிரிப்பாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் உடம்பில் தனக்குச் சொந்தமில்லாத ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதாகவும், அது ஒருநாள் தன் பெண்டாட்டியைக் கொன்றுவிடும் என்றும் அவன் நம்பினான்.

பெடலுக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுத்துப் பார்த்தார்கள். வாய்க்கால் பாலத்துக்கிட்டே அந்தக் கட்டை நழுவிப் போய் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது, கார் தண்ணீரில் இறங்காமல் நின்றது கோகிலாமணியின் அதிர்ஷ்டம். கட்டையை அங்கேயே வாய்க்காலில் எறிந்துவிட்டு வந்தான்.

இதற்கிடையில் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் ஒரு கோரிக்கையோடு வந்தார்கள். பாடை போகும்போது இப்போதெல்லாம் பாதித் தறிதான் நிற்கிறது, புதுசாக வந்தவர்கள் நிறுத்துவதில்லை, செங்கோட்டு ஒரு மிதி மிதித்தால் செத்தவர்களுக்கு முழு மரியாதையாக இருக்குமே என்றார்கள்.

"செத்தவங்களுக்கு மரியாத பண்ணப் போயி சென்டர்ல கெடக்கற நாலு பேரையும் சாகச் சொல்றீங்களா?" என்று செங்கோட்டுவேல் கேட்டான். பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆனால் அந்தக் கேள்வி தெருத்தெருவாகப் போயிற்று. அதுவரைக்கும் தறியையும் துணியையும் பேசியவர்கள் அன்றைக்குத்தான் சென்டரில் நாலு மெஷினுக்கும் ஒற்றை நர்ஸ் என்பதைப் பேசினார்கள். ஆஸ்பத்திரித் தெருப் பெண்கள் ஸ்டெல்லாவிடம் போய், அந்தக் கைப்பிடியை எப்படிச் சுற்றுவது, எங்களுக்கும் காட்டு என்றார்கள். எந்தப் பக்கம் சுற்றவேண்டும், குழாயில் காற்றுக்குமிழி வந்தால் எப்படி நிறுத்தவேண்டும் என்று அவள் காட்டினாள். வேகம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிப் பழகிய ஒருத்தி சுற்றியதுதான் சரியாக வந்தது, அதன்பிறகு எல்லோரும் மாவாட்டுகிற வேகம் என்றே வைத்துக்கொண்டார்கள். அப்புறம் டீக்கடை மாஸ்டர் கற்றுக்கொண்டார், தையல்காரர் கற்றுக்கொண்டார், இஸ்மாயில் பாயும் கிரீஸ் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போய்க் கற்றுக்கொண்டார். விளக்கு எரியும்போதே தறி நின்றால் ஆரு என்று கேட்டுக்கொண்டு நிற்காதே, சென்டருக்கு ஓடு என்று ஊரில் ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது.

செங்கோட்டுவேலுக்கு அதிலும் நிம்மதி இல்லை. ஓடுகிறவர்கள் வழியில் தடுக்கி விழுந்தால்? எல்லோரும் ஒரே மெஷினுக்கு ஓடி மற்றதை விட்டுவிட்டால்? கழற்றி எறி அந்தப் புஷ்ஷை என்று தினமும் பாயின் உயிரை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை சென்டர் பூட்டியிருக்கும், தறிக்கும் அன்று பாதி லீவு. வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் மட்டும் ஊர் நிற்கட்டும் என்று தறிக்காரர்கள் சம்மதித்தார்கள். லேத் பட்டறைக்காரர் இந்தத் தடவை புதுப் பித்தளை வாங்கிவந்து வேறு புஷ் கடைந்து வைத்தார். இன்னும் மூன்று நாள்தான், இன்னும் ஒரே ஒரு தடவை சென்டருக்குப் போய் வந்தால் போதும் என்று செங்கோட்டுவேல் தன் இடது தொடையைத் தட்டிக்கொண்டான்.

அந்த ஒரு தடவை வெள்ளிக்கிழமை வந்தது.

கோகிலாமணியை மெஷினில் படுக்கவைத்துவிட்டு, பள்ளிக்கூடத் தெருவுக்கு ஒரு சவாரி போனான். ஆளை இறக்கிவிட்டு நிற்கையில் எதிரிலிருந்த தறிக்கொட்டகைக்குள் ஜனங்கள் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. தறி ஓடும்போது அந்த ஊரில் எந்த அலறலும் வெளியே கேட்காது. ஒருத்தி வாசலுக்கு ஓடிவந்து அவன் காரைப் பார்த்தாள், பார்த்ததும் இரண்டு கையையும் கூப்பிவிட்டாள். அவள் தோளுக்கு மேலாகச் செங்கோட்டுவேல் உள்ளே பார்த்தான். தறி ஓட்டுகிற சரசு வெள்ளிக்கிழமை என்று தலைக்குக் குளித்துவிட்டு, ஈர முடியை நுனி முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டு வந்திருந்தாள். அந்த முடியை மோட்டார் பெல்ட் கவ்வி இழுத்துக்கொண்டிருந்தது. சுவிட்ச் கொட்டகையின் அந்தக் கோடியில், பூட்டிய அறைக்குள் இருந்தது, சாவிக்கு ஓடியவன் பாதி தூரம்கூடப் போயிருக்கவில்லை.

செங்கோட்டுவேல் மிதிக்கப் பார்த்தான். கால் எழும்பவில்லை. மிதிக்காதே மிதிக்காதே என்று இத்தனை நாளும் அடித்து வளர்த்த கால், மிதி என்றதும் மரத்துப்போய்க் கிடந்தது. கோகிலாமணி மெஷினில் கிடக்கிறாள் என்று அவனுக்குத் தெரியும், அந்தக் காலுக்கும் தெரியும். அவன் இரண்டு கையாலும் முட்டியைப் பிடித்துத் தூக்கிப் பெடல்மேல் வைத்து, மேலே சாய்ந்து அழுத்தினான்.

ஊர் நின்றது.

நின்றதும் எல்லாம் கேட்டது. சரசு அழுவது கேட்டது. நூல் வெட்டுகிற சின்னக் கத்தரிக்கோல் அவள் முடியை நறுக் நறுக்கென்று கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுவது கேட்டது. "அண்ணா, விட்றாதீங்க, விட்றாதீங்க," என்று வாசலில் நின்றவள் சொல்லிக்கொண்டேயிருந்தாள். அதற்கும் அப்பால், கூரைகளைத் தாண்டி, ஜனங்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. செருப்புச் சத்தம், வெறுங்கால் சத்தம், தட்டு ஒன்று விழுந்து உருளும் சத்தம். அதற்கும் அப்பால் ஸ்டெல்லாவின் குரல் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று புரியவில்லை. அதட்டுகிறாளா அழுகிறாளா என்றும் புரியவில்லை. பெடலின்மேல் இருந்த காலை அவன் கையால் அமுக்கிக்கொண்டு, கொழாயில என்ற ரத்தம் அப்படியே நிக்கறத நான் பாத்துட்டே கெடந்தேன் என்று அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தான். இந்தக் கத்தரிக்கோல் இவ்வளவு மொண்ணையாகவா இருக்கும் என்று அவனுக்குச் சரசுமேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்துக்காக உடனே வெட்கமும் வந்தது.

"வந்துட்டா," என்று யாரோ சொன்னார்கள். காலை எடுத்தான். தறிகள் ஓடின. அவன் கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினான்.

சென்டர் படிக்கட்டில் ஏற முடியாதபடி செருப்புகள் கிடந்தன. நாலு கட்டிலைச் சுற்றியும் ஆட்கள் நின்றார்கள். வாசலோரக் கட்டிலுக்குப் பக்கத்தில் டீக்கடை மாஸ்டர் கையை உதறிக்கொண்டிருந்தார். கோகிலாமணியின் மெஷினுக்குப் பக்கத்தில், ஜும்மா தொழுகை முடிந்து வந்துகொண்டிருந்த வெள்ளைச் சட்டையோடு இஸ்மாயில் பாய், வேர்வை சொட்டச் சொட்ட, இன்னமும் கைப்பிடியை விடாமல் நின்றார். "மோட்டார் ஓடுது பாய், விடுங்க," என்று ஸ்டெல்லா சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. குழாயில் ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

கோகிலாமணி கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள்.

"ஆருங்க?" என்றாள்.

"ஆரும் இல்ல," என்றான் செங்கோட்டுவேல். "சரசு. முடிதான் போச்சு."

சொல்லிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் அழுதான். யாரும் அவனைத் தேற்றவில்லை. எல்லோருக்கும் கை வலித்தது.

மெஷினிலிருந்து எடுத்து, அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து முன்சீட்டில் உட்காரவைத்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. காரில் ஏறியதும் அவள் சொன்னாள். "பாய்கிட்டச் சொல்லீருங்க. ஞாயித்துக்கெழம பிரிக்க வேண்டாம்."

"உனக்குப் பைத்தியமா? இன்னிக்கு நீ என்ற கால்லயே செத்திருப்ப."

"செத்தனா? பாய் சுத்துனாரு. கை வலிக்குதுங்களா பாய்னு கேட்டேன், பேசாத கண்ணு, வேகம் தப்பீரும்னாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்குச் சுத்தறதுக்கு ஊரே ஓடியாருது. தறி இழுத்துட்டுப் போறவளுக்கு உங்க காலு ஒன்னுதான இருக்குது."

பிரித்தே தீருவேன் என்று சொல்லிவிடலாம், அப்புறம் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது. கியரைப் போட்டுச் சாவியைத் திருப்பினான். வண்டி குலுக்கிக்கொண்டு கிளம்பியது. இரண்டு பக்கமும் தறிகள் தடதடத்தன. கோகிலாமணி ஊசி குத்தாத கையை நீட்டி அவன் இடது முட்டியின்மேல் வைத்துக்கொண்டாள். வேகத்தடை வந்தபோது அந்தக் கால் எழும்பப் பார்த்தது, அவள் லேசாக அழுத்தினாள், அடங்கிவிட்டது.

வாய்க்கால் பாலத்தின்மேல் ஒரு ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு குறுக்கே வந்தது. அவன் பிரேக்கை மிதித்தான். வண்டி ஒரு உதறு உதறி நின்றது, இன்ஜினும் நின்றது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார்கள். அவன் கீழே குனிந்து பார்க்கப் பயந்துபோய் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை.

"தறி ஓடுது," என்றாள் கோகிலாமணி.

ஆட்டுக்குட்டி அந்தப் பக்கம் போகிறவரைக்கும் காத்திருந்து, அவன் மறுபடியும் சாவியைத் திருப்பினான். அவள் கையை எடுக்கவில்லை.